ஒத்திவைத்த ஆட்டங்களின் கடனை அடைப்பவர் யார்?

நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்குத் தவணை கொடுக்கப்பட்டால் அவ்வழக்கு ஒழிந்துவிடுவதில்லை; பிறிதொரு நாளின் தலையில் அது ஏறி அமர்கின்றது என்பதை நியாயவாதிகள் அறிவர். மழை பிந்தி விதைப்புத் தள்ளிப்போனால், அதற்காகக் காலபோகம் தன் நாட்களை நீட்டிக் கொடுப்பதில்லை. பிந்திய வேலை முழுவதும் எஞ்சிய நாட்களிலேயே நெருக்கியடித்து நிற்கும் என்பதைக் கமக்காரர் அறிவர். உலகிலேயே மிகுந்த செல்வம் புரளும் உதைபந்தாட்டப் போட்டிகளை நிருவகிக்கும் கனவான்கள் மாத்திரம், கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், இந்த எளிய கணக்கை அறியாதவர்போல் நடந்துகொண்டனர்.

இது வெறும் விளையாட்டுச் செய்திதானே, இதில் ஆராய என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். விதியை இயற்றுவோர் சிலர். அதன் சுமையைத் தாங்குவோர் வேறு சிலர். தாங்குவோருக்கு வாக்குமில்லை, குரலுமில்லை. இந்நிலை எங்கே தோன்றினும் அது சிந்திப்பாரின் கவனத்துக்கு உரியதே. ஆதலின், நடந்தவற்றை முறையாக எடுத்துரைத்து, எமது அபிப்பிராயத்தையும் கூற விரும்புகின்றோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள், லண்டனிலுள்ள ஆர்சனல் கழகத்தின் பயிற்றுநர் மிக்கேல் ஆர்த்தெத்தா நோய்த்தொற்றுக்கு ஆளானார் என்ற செய்தி வெளியாயிற்று. மறுநாளே இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. அப்பருவத்துக்குரிய 380 ஆட்டங்களில் 92 எஞ்சியிருந்தன. யூன் 17 ஆம் நாள், பார்வையாளர் இல்லாத வெற்றரங்குகளில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. யூலை 26 ஆம் நாள் முடிவுற்றது. அஃதாவது, 92 ஆட்டங்களும் 40 நாட்களுக்குள் அடக்கப்பட்டன. அடுத்த பருவமோ செப்டெம்பர் 12 ஆம் நாளே தொடங்கிற்று. இடையில் ஏழு வாரங்கள்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை.

அந்த நெருக்கடிக்காக எவரையும் குறைகூற நாம் முற்படவில்லை. ஒவ்வொரு நாடும் இருளில் தடவி வழிதேடிய காலம் அது. நெதர்லாந்து 2020 ஏப்ரல் 24 ஆம் நாள் தன் பருவத்தையே கைவிட்டது. வெற்றிப் பட்டம் எவருக்கும் வழங்கப்படவில்லை. இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் நின்ற கம்பூர் என்னும் கழகம் மேற்பிரிவுக்கு உயரும் வாய்ப்பை இழந்தது. பிரான்ஸ் நாடும் எஞ்சிய ஆட்டங்களைக் கைவிட்டது. அவ்வாண்டுக்குரிய ஐரோப்பியக் கிண்ணம் 2021 ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முன்னறிவிப்பின்றி வந்த இடர் அது. அப்பொழுது செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால், அடுத்த பருவமும் கடந்து, 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தவற்றை அவ்வாறு பொறுத்துக்கொள்ள இயலவில்லை. தொற்று இன்னதென்று உலகம் அறிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஒமிக்ரோன் என்னும் திரிபு பரவத் தொடங்கிற்று. டிசம்பர் 26 ஆம் நாளுடன் முடிந்த வாரத்தில் மாத்திரம் பிரீமியர் லீக் ஆட்டக்காரர், பணியாளருள் 103 பேரிடம் தொற்றுக் கண்டறியப்பட்டது. சில நாட்கள் ஆட்டங்களை முழுமையாக நிறுத்திவைக்கலாமா என்ற வினா டிசம்பர் 20 ஆம் நாள் கழகங்களின் கூட்டத்தில் எழுந்தது. நிறுத்துவதில்லை என்றே முடிவாயிற்று.

அன்று நடைமுறையிலிருந்த விதி யாது? பந்துக்காப்பாளர் ஒருவரும் ஏனைய ஆட்டக்காரர் பதின்மூவரும் ஆடக்கூடிய நிலையில் இருந்தால் ஒரு கழகம் ஆடியே தீரவேண்டும். அத்தொகை குறைந்தால் ஒத்திவைக்குமாறு விண்ணப்பிக்கலாம். படிக்கும்பொழுது நேர்மையான விதியாகவே தோன்றும். ஆயின், அத்தொகை எக்காரணத்தால் குறைந்திருக்க வேண்டும் என்பதில் போதிய தெளிவு இருக்கவில்லை. நோய்க்கு ஆளானவரும், காயம்பட்டவரும், ஆபிரிக்கக் கிண்ணத்தில் ஆடத் தத்தம் நாட்டுக்குச் சென்றவரும் ஒரே கணக்கில் சேர்க்கப்படலாயினர்.

இதனால் விளைந்த குழப்பத்துக்கு வடஇங்கிலாந்தின் சிறிய நகரான பேர்ன்லியின் கழகம் நல்ல சான்று. அக்கழகம் வட்ஃபோர்ட் கழகத்துடன் 2021 டிசம்பர் 15 ஆம் நாள் ஆடவிருந்தது. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்த வேளையில், வட்ஃபோர்ட் அணியில் தொற்றுப் பரவியதென்று அது ஒத்திவைக்கப்பட்டது. தொலைவூரிலிருந்து பேருந்துக்கும் புகையிரதத்துக்கும் பணம் கொடுத்துப் புறப்படும் ரசிகருக்கு அந்த நேரத்து அறிவித்தலால் என்ன பயன்? மூன்று நாட்களின் பின் அஸ்ரன் வில்லாவுடனான ஆட்டமும் அவ்வாறே கடைசி வேளையில் தள்ளிப்போயிற்று. வட்ஃபோர்ட்டுடனான ஆட்டத்துக்கு ஜனவரி 18 ஆம் நாள் குறிக்கப்பட்டது. இம்முறை பேர்ன்லி அணியில் ஆட்டக்காரர் போதவில்லை. ஈற்றில் பெப்ரவரி 5 ஆம் நாளே அது நடந்தேறியது.

2022 ஜனவரி 2 ஆம் நாளுக்கும் பெப்ரவரி 5 ஆம் நாளுக்கும் இடையில் பேர்ன்லி ஒரேயொரு லீக் ஆட்டமே ஆடியது. முதற் பாதியில் நான்கரை மாதத்துக்கு மேலாகப் 17 ஆட்டங்கள் ஆடிய அக்கழகம், எஞ்சிய 21 ஆட்டங்களையும் நான்கு மாதத்துக்குள் ஆடி முடிக்க நேர்ந்தது. டிசம்பரில் தள்ளிப்போன வில்லா ஆட்டம் மே 19 ஆம் நாள் நடைபெற்றது. மூன்றே நாட்களின் பின், மே 22 ஆம் நாள், பருவத்தின் இறுதி ஆட்டத்தில் நியூகாசிலிடம் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பேர்ன்லியின் வீழ்ச்சிக்கு ஒத்திவைப்பே காரணம் என்று நாம் வாதிடவில்லை. அப்பருவத்தின் முதற் பாதியில் அக்கழகம் ஆடிய ஆட்டமும் சிறப்பானதன்று. எனினும், ஒரு கழகத்தின் தலைவிதி தீர்மானிக்கப்படும் வாரத்தில், ஐந்து மாதங்களுக்கு முன் தள்ளிவைத்த கடனையும் அதுவே சுமந்து நின்றது என்பதை மறுப்பார் உளரோ?

ஒரே கழகத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள் கிடைத்த விந்தையும் உண்டு. அதே டிசம்பரில் டொட்டன்ஹாம் அணியில் தொற்றுப் பரவிற்று. இங்கிலாந்தின் லீக் நிருவாகம் பிறைட்டன் கழகத்துடனான அதன் ஆட்டத்தை ஒத்திவைத்தது. பிரான்சின் ரென் கழகத்துடன் அது ஆடவிருந்த ஐரோப்பியப் போட்டியோ நடைபெறவில்லை. மாற்று நாளும் கிடைக்கவில்லை. ஐரோப்பிய நிருவாகம் 3-0 என ரென்னுக்கு வெற்றி வழங்கியது. டொட்டன்ஹாம் போட்டியிலிருந்து வெளியேறிற்று. நோய் ஒன்று, ஆட்டக்காரர் அவரே, வாரமும் ஒன்று. நாட்குறிப்பில் இடம் இருந்த நிருவாகம் இரங்கியது, இடம் இல்லாத நிருவாகம் தண்டித்தது. இத்தாலியில் 2020 ஒக்டோபரில், உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகள் தடுத்ததால் தூரின் நகருக்குச் செல்லாத நாப்போலி கழகத்துக்கு முதலில் தோல்வியும் ஒரு புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டன. மேன்முறையீடுகளின் பின் டிசம்பரில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. சட்டத்துக்குப் பணிந்தவன் தண்டனை பெற்று, அதை நீக்க மாதக்கணக்கில் அலைவது எந்த நாட்டு நியாயம்?

இனி, பலராலும் பேசப்பட்ட ஆர்சனல் விவகாரத்துக்கு வருவோம். 2022 ஜனவரி 16 ஆம் நாள் அக்கழகம் டொட்டன்ஹாமுடன் ஆடவிருந்தது. ஆட்டக்காரர் போதவில்லை என்று அது விண்ணப்பிக்க, முதல்நாள் ஒத்திவைப்பு வழங்கப்பட்டது. அப்பொழுது தொற்றுக்கு ஆளாகியிருந்தவர் ஒருவரே என்று செய்திகள் கூறின. ஏனையோர் காயத்தாலும் ஆபிரிக்கக் கிண்ணத்தாலும் விலகியிருந்தவர்கள். அம்மாதத்திலேயே ஆட்டக்காரர் இருவரை வேறு கழகங்களுக்கு இரவலாக அனுப்பியும் இருந்தது. ஆர்சனல் விதியை மீறியது என்று நாம் கூறோம். விதியில் இருந்த ஓட்டையூடாக அது நுழைந்தது, அவ்வளவே. கண்டனக் குரல் எழுந்த பின்னர், ஜனவரி 26 ஆம் நாள், குறைந்தது நால்வருக்கேனும் தொற்று இருந்தாலன்றி ஒத்திவைப்புக் கேட்க முடியாது என்ற புதிய விதி அறிவிக்கப்பட்டது. தொற்றுக் காரணமாக ஆட்டங்கள் முதன்முதல் நிறுத்தப்பட்டு அன்றைக்கு இருபத்திரண்டு மாதங்கள் கடந்திருந்தன!

அந்த ஆட்டம் மே 12 ஆம் நாள் நடந்தது. டொட்டன்ஹாம் 3-0 என வென்றது. பருவ இறுதியில் அது நான்காம் இடத்தையும் ஆர்சனல் ஐந்தாம் இடத்தையும் பெற்றன. அப்பருவத்தில் நான்காம் இடத்தவருக்கே ஐரோப்பாவின் முதற்றரப் போட்டியில் இடமிருந்தது. ஜனவரியில் ஆடியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ? எவரும் அறியார். ஒத்திவைப்பைக் கேட்டுப் பெற்றவரே அதனால் ஆதாயம் அடைந்தாரா என்பதும் ஐயமே. காரணம் தெளிவில்லாத விதியினால் நன்மை பெற்றவரையும் உலகம் ஐயத்துடன் நோக்கும்; தீமை பெற்றவரோ ஆயுள் முழுவதும் குறைபேசுவர்.

ஆட்டங்கள் நெருங்கும்பொழுது அடிபடுவது ஆட்டக்காரரின் உடல். அதற்குப் பரிகாரமாக, ஓர் ஆட்டத்தில் மூவருக்குப் பதிலாக ஐந்து மாற்று வீரரை இறக்கலாம் என்ற சலுகை 2020 மே மாதத்தில் உலகெங்கும் அனுமதிக்கப்பட்டது. ஜேர்மனி, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகள் அதைத் தொடர்ந்து கைக்கொண்டன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கோ, அடுத்த பருவத்திலேயே அதைக் கைவிட்டது. இருபது கழகங்களுள் பதினான்கின் வாக்கு வேண்டும், அது கிடைக்கவில்லை. செல்வக் கழகங்களிடமே சிறந்த மாற்று வீரர் உளர், எனவே ஆதாயம் அவர்களுக்கே என்று சிறிய கழகங்கள் வாதிட்டன. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், ஈற்றில் 2022 மார்ச் மாதத்தில் அதே கழகங்கள் அதே சலுகையை அடுத்த பருவத்துக்கென ஏற்றுக்கொண்டன. நெருக்கடி மிகுந்த காலத்தில் மறுத்த மருந்தை, அது தணிந்த பின் வழங்கினர்.

கோடிக்கணக்கில் ஊதியம் பெறுவோருக்கு இரங்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். ஊதியம் பெருகினால் தசைநாரின் வலிமையும் பெருகுமோ? ஸ்பெயின் நாட்டின் பெத்ரி, பதினெட்டு வயதில், 2020-21 பருவத்தில் பார்சிலோனா கழகத்துக்கும், பின் ஐரோப்பியக் கிண்ணத்தில் தன் நாட்டுக்கும், உடனே தோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். எல்லாம் சேர்ந்து எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைக் காயத்தினால் இழந்தார். ஓய்வின்றி உழுத எருது எவ்வளவு விலை பெற்றதாயினும் ஒருநாள் படுத்துவிடும்.

ஆட்டக்காரரைவிடப் பரிதாபத்துக்குரியவை சிறிய கழகங்கள். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தில் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் மறு ஆட்டம் நடத்துவது நெடுங்கால வழக்கம். 2005 ஆம் ஆண்டில், கடன்சுமையால் தள்ளாடிய எக்செற்றர் கழகம் மன்செஸ்டர் யுனைற்றெட்டின் அரங்கிலேயே அதனுடன் சமநிலை கண்டது. அதனாற் கிடைத்த மறு ஆட்டத்தின் வருவாய் அக்கழகம் கடனிலிருந்து மீளக் கைகொடுத்தது. தொற்றுக் காலத்தில் நாட்கள் போதவில்லை என்று மறு ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அது தற்காலிக ஏற்பாடு என எண்ணியிருந்தனர். அவை திரும்பியும் வந்தன. ஆனால், 2024 ஏப்ரலில், முதற் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் முற்றாக நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. எம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கீழ்ப் பிரிவுகள் முறையிட்டன.

நாட்கள் போதவில்லை என்பது உண்மையானால், புதிய ஆட்டங்களுக்கு நாட்கள் எங்கிருந்து வந்தன? 2024-25 பருவத்திலிருந்து ஐரோப்பாவின் சம்பியன்ஸ் லீக்கில் ஒவ்வொரு கழகமும் முதற் கட்டத்தில் ஆறுக்குப் பதிலாக எட்டு ஆட்டங்கள் ஆடவேண்டும். 2025 ஆம் ஆண்டின் கோடையில் 32 கழகங்கள் கொண்ட புதிய உலகப் போட்டி அமெரிக்காவில் நடத்தப்பட்டது. 2026 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு, முன்னைய 64 ஆட்டங்களுக்குப் பதிலாக, 104 ஆட்டங்கள் வகுக்கப்பட்டன. ஏழைக் கழகத்தின் மறு ஆட்டத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இல்லை. செல்வரின் புதிய கிண்ணத்துக்கு ஒரு மாதமே உண்டு! ஆட்டக்காரரின் ஐரோப்பியச் சங்கமும் ஐரோப்பிய லீக்குகளின் அமைப்பும் 2024 ஒக்டோபரில் உலக உதைபந்தாட்ட நிருவாகத்துக்கு எதிராக ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட நேர்ந்தமை வியப்பன்று.

தொலைக்காட்சிப் பணமே கழகங்களை வாழவைக்கின்றது. ஆட்டம் நின்றால் அரங்கைத் துப்புரவு செய்யும் தொழிலாளியின் ஊதியமும் நின்றுவிடும் என்ற வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. 2020 இல் ஆட்டத்தை மீளத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு நியாயமான காரணமே. ஆனால், பணத்தின் பேரால் ஒரு நாளையும் வெறுமையாக விடாமல் நிரப்பிவைத்தவர், இடர் வந்தபொழுது அப்பணத்தின் ஒரு பங்கையேனும் இடர்ப்பட்டோருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

ஆதலின் நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, ஒத்திவைப்பு விதி பருவம் தொடங்குமுன்னரே எழுதப்படல் வேண்டும். எத்தனை பேர், எக்காரணத்தால், எத்தனை மணி நேரத்துக்கு முன் என்பன ஐயமின்றி அதில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, விண்ணப்பத்தைத் தீர்ப்பவர் கழகங்களுக்குப் புறம்பானவராக இருத்தல் வேண்டும். இருபது கழகங்களையே பங்குதாரராகக் கொண்ட நிறுவனம், அவற்றுள் ஒன்றின் வழக்கைத் தீர்க்கையில், நேர்மையாகத் தீர்த்தாலும் நம்புவார் இரார். மூன்றாவது, ஆண்டுக் குறிப்பில் சில வாரங்கள் இடருக்கென்றே வெறுமையாக விடப்படல் வேண்டும். சிறிய கழகத்திடமிருந்து ஓர் ஆட்டத்தைப் பறித்தால் அதன் வருவாய்க்கு ஈடு கொடுத்தல் வேண்டும்.

இன்னொரு தொற்று என்று வருமென எவராலும் சொல்ல இயலாது. வரும்வரை இருந்துவிட்டு, வந்தபின் விதி எழுதினால், பேர்ன்லியும் எக்செற்றரும் போன்றவையே மீண்டும் விலை கொடுக்கும். விதைநெல்லை ஒதுக்கிவைத்த பின்னரே கமக்காரன் எஞ்சிய நெல்லை விற்கின்றான். அந்த அளவு முன்யோசனையையே உதைபந்தாட்டத்தின் அதிபதிகளிடமும் நாம் கேட்கின்றோம்.