கற்பூரத்தின் பந்தம்

ஆரத்தித் தட்டில் ஏற்றிய கற்பூரம் சாம்பலின்றி மறைகிறது. டப்பா திறந்து கிடந்தால் ஏற்றாமலே குறைகிறது. இரண்டும் ஒன்றல்ல.

கற்பூரத்தின் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. கார்பனின் வெளிச்சுற்றில் இருப்பவை 4 எலெக்ட்ரான்கள். நிலைபெற வேண்டியவை 8. ஹைட்ரஜனிடம் இருப்பது 1, வேண்டியது 2. ஆகவே அண்டை அணுக்கள் ஆளுக்கோர் எலெக்ட்ரானை இட்டு, அவ்விணையைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இரு அணுக்கருக்களும் அதனை ஈர்ப்பதால் பிரிவதற்கில்லை. இதுவே சகப்பிணைப்பு.

மூலக்கூறுகளுக்கிடையே அத்தகைய பந்தம் இல்லை. மெல்லிய கவர்ச்சி மட்டுமே. ஆதலால் டப்பாவிலிருந்து அவை முழுமையாகவே காற்றில் கலந்து மணக்கின்றன. சுடரிலோ பிணைப்புகளே முறிகின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு இணைந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகின்றன. புதிய பிணைப்புகள் பழையவற்றினும் உறுதியானவை. அந்த வேறுபாடே ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது. முற்றும் எரியாத கார்பன்தான் தட்டில் படியும் கரி.

ஆரத்திக் கட்டிகள் இன்று பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலைகளில் செய்யப்படுபவை. பச்சைக் கற்பூரம் தீர்ந்துவிட்டதென்று இவற்றைத் தீர்த்தத்தில் இடுவோர் உண்டு, அறவே கூடாது. கற்கண்டென்று எண்ணிப் பேரக்குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பூஜையறையில் டப்பாவை இறுக மூடி உயரத்தில் வைத்தால் கற்பூரமும் குறையாது.