ஒரு முழுக்கோழி, நான்கு வேளை: சிந்தாதிரிப்பேட்டைக் குடும்பங்களின் கொள்கைப் பிரகடனம்

நெசவாளர்களைக் குடியமர்த்த 1734-இல் உருவான பேட்டை இது. மாதச் சம்பளக்காரரும் தினக்கூலிக்காரரும் இங்கே ஒரே மீன் மார்க்கெட்டில்தான் பை பிடித்து நிற்கிறோம். மீனை முழுசாக எடை போட்டு வாங்குகிறோம். "தலைய கொழம்புக்குப் பொளந்து போடவா?" என்று வெட்டித் தரும் அக்கா கேட்பார். தலையும் வாலும் குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு, சினை இருந்தால் பிள்ளைகளுக்கு. மறுநாள் இட்லிக்கும் அதே குழம்புதான். எதையும் வீணாக்குவதில்லை.

கோழி விஷயத்தில் இந்த ஒழுங்கைக் கைவிட்டுவிட்டோம். சனிக்கிழமை இரவு ஒரு ஃபுல் கிரில் வருகிறது. கால் துண்டுக்குப் போட்டி நடக்கிறது. வறண்ட நெஞ்சுக்கறி பாதியில் நின்று, முதுகெலும்போடு குப்பைக்கூடைக்குப் போகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு வேளை வரவேண்டிய கோழி ஒரே வேளையில் தீர்கிறது. உயிர் விட்ட கோழிக்கும் உழைத்துச் சேர்த்த காசுக்கும் இது அவமரியாதை. இதை மாற்றவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் கொள்கைகள்:

1. தட்டுக்கு வருமுன் பங்கு பிரிப்போம். பொட்டலத்தைத் திறந்ததும் கழுவிய கையால் காலையும் இறக்கையையும் அன்றிரவுச் சப்பாத்திக்கு எடுத்து வைப்போம். நெஞ்சுக்கறியைச் சூடு இருக்கும்போதே நார்நாராகப் பிய்த்து ஒரு டப்பாவிலும், முதுகு, கழுத்து, நெஞ்செலும்பை இன்னொரு டப்பாவிலும் போடுவோம். கடித்த எலும்பு எச்சில். அது அடுப்பேறாது.

2. பிய்த்த கறி ஞாயிறு காலைக்கு. வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, மூன்று முட்டை உடைத்து ஊற்றி, மீந்த சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டுக் கறியோடு கொத்தினால் நால்வருக்கும் வயிறு நிறையும்.

3. எலும்பு இரண்டு வேளைக்கு. குக்கரில் எலும்போடு ஒரு லிட்டர் தண்ணீர், தட்டிய மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், இஞ்சி சேர்த்து ஆறு விசில் விட்டு, சிறுதீயில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். கிரில் மசாலாவிலேயே உப்பு உண்டு. ஆகவே கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்பு. வடிகட்டிய சாற்றில் பாதி, தக்காளி சேர்த்து மதியத்துக்கு மிளகு ரசமாகும். மறுபாதி ஃபிரிட்ஜில் குளிர்ந்ததும் மேலே மஞ்சளாகக் கொழுப்பு படியும், அடியில் சாறு கெட்டிப்படும். எலும்பிலும் சவ்விலும் இருந்த கொலாஜன் ஜெலட்டினாகிச் சாற்றில் இறங்கியிருப்பதன் அடையாளம் அது. அதைக் கொதிக்க வைத்துச் சீரகச் சம்பா வேகவைத்தால் திங்கள் இரவுக்கு மணக்க மணக்கக் குஸ்கா.

4. சிக்கனத்தின் பெயரால் நோயை வாங்க மாட்டோம். வெக்கை 32 டிகிரியைத் தாண்டும் நாளில் சமைத்த கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. நம் ஊரில் பாதி வருஷம் அப்படித்தான். எனவே சுடச்சுட வாங்கி, உடனே பிரித்து, சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைப்போம். எடுத்தால் நன்றாகக் கொதிக்க வைப்போம். கிரில்லோடு வந்து மீந்த மயோனைஸை மறுநாளுக்கு வைக்கவே மாட்டோம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது நோய்க் கிருமி பயத்தால்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கிப் பங்கிட்டு, எலும்பை அன்றிரவே ரசமாக்கி முடிக்கட்டும்.

5. அம்மாவின் தட்டிலிருந்து மிச்சம் பிடிக்க மாட்டோம். "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கழுத்தெலும்போடு எழுந்துவிடும் அம்மாக்களின் பசியில்தான் பல வீடுகளின் சிக்கனம் நடந்திருக்கிறது. அதை இந்த இயக்கம் அடியோடு மறுக்கிறது. கால் துண்டு வாரா வாரம் முறை வைத்துச் சுற்றும். அம்மாவுக்கும் முறை உண்டு. கறி பிய்ப்பதும் குக்கர் கழுவுவதும் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய வேலை.

இதில் சேரச் சந்தா கிடையாது, கூட்டம் கிடையாது. அடுத்த கோழியைத் தட்டுக்கு வருமுன் பங்கு பிரிக்கும் ஒவ்வொரு வீடும் உறுப்பினர்தான். பேட்டைவாசிகளே, இந்தச் சனிக்கிழமையே தொடங்குவோம். மிச்சமாகும் காசு பிள்ளைகளின் பாலுக்கும் பழத்துக்கும் போகட்டும்.