நெவாடாவின் மார்மன் வாக்குகள்: ஒரு கழித்தல் கணக்கு

சென்ற வாரம் எங்கள் துறைக் கருத்தரங்கில் முதுகலை மாணவர் ஒருவர் அமெரிக்க உட்கட்சித் தேர்தல்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 2008இலும் 2012இலும் நெவாடா மாநிலத்தை மிட் ராம்னிக்கு வாங்கிக் கொடுத்தது மார்மன் வாக்கு வங்கியே என்பது அதில் ஒரு வரி. அவையில் எவரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த வரி உறுத்தத் தொடங்கியது.

நெவாடா மக்கள்தொகையில் மார்மன்கள் நூற்றுக்கு ஆறேழு பேர் அளவில்தான் இருந்தனர். ஆயினும் 2008 குடியரசுக் கட்சிக் காக்கஸுக்கு வந்தோரில் நான்கில் ஒருவர் மார்மன் என்றும், அவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ராம்னியை ஆதரித்தனர் என்றும் வாயிலில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பு காட்டியது. ராம்னி பெற்றது 51 விழுக்காடு. இப்போது மார்மன்களைக் கழித்துவிடுவோம். மிஞ்சும் 75 பேரில் ஏறத்தாழ 27 பேர் அவர் பக்கம். அதாவது 36 விழுக்காடு. அடுத்து வந்த ரான் பால் மொத்தத்தில் 14 விழுக்காட்டையும் ஜான் மெக்கெயின் 13 விழுக்காட்டையுமே பெற்றனர். அவர்களுடைய வாக்குகள் அனைத்தும் மார்மன் அல்லாதோரிடமிருந்து வந்தவை என்று கொண்டாலும், எவரும் 20 விழுக்காட்டைத் தொடவில்லை. 2012க்கும் இதே கழித்தலைச் செய்யலாம். அப்போதும் ராம்னி 50 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 36க்கு இறங்குவார். 21 விழுக்காடு பெற்ற கிங்ரிச் 28ஐத் தாண்டமாட்டார். மார்மன்கள் ஒருவர்கூட வராதிருந்தாலும் இரு முறையும் வென்றிருப்பவர் ராம்னியே. வெற்றி அத்தனை பெரிதாக இருந்திருக்காது, அவ்வளவுதான். (கருத்துக்கணிப்புக்குப் பிழை வரம்பு உண்டு, ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை அது நிரப்பாது.)

உண்மையில் வியப்புக்குரியது வேறொன்று. ஆறேழு விழுக்காட்டினர் எப்படிக் கால்பங்காகத் திரண்டனர்? காக்கஸ் என்பது பகல் முழுதும் திறந்திருக்கும் வாக்குச்சாவடி அன்று. குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்குச் சென்று, அண்டை வீட்டாரோடு அமர்ந்து, நடைமுறைகள் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். 2012இல் ஏறத்தாழ 33,000 பேரே வந்தனர். பதிவு பெற்ற கட்சி வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மார்மன் சபையோ வசிப்பிட எல்லையை வைத்தே வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஊதியம் பெறும் குருமார் இல்லை. கூட்டம் நடத்துவது, கணக்கெழுதுவது, நாற்காலி அடுக்குவது எல்லாம் உறுப்பினர்களின் பொறுப்பு. இப்படிப் பழகிய மக்களுக்குக் காக்கஸ் இன்னொரு வாரக் கூட்டம் போன்றது. 2016இல் நெவாடா காக்கஸுக்கு 75,000 பேருக்கு மேல் வந்தனர். டிரம்ப் 46 விழுக்காட்டுடன் வென்றார். கூட்டம் பெருத்தால் ஒழுங்காக வந்து சேரும் சிறுபான்மையின் எடை குறைவது இயல்பு.

இதற்கு 'வாக்கு வங்கி' என்ற சொல் பொருந்துமா? 1950களில் மைசூர்க் கிராமம் ஒன்றை ஆராய்ந்த எம். என். சீனிவாஸ் அச்சொல்லை ஆண்டபோது, தன்னை நம்பியிருப்போரின் வாக்குகளைத் திரட்டித் தரும் ஊர்ப் பெரியவரே அவர் மனத்தில் இருந்தார். நெவாடாவில் அந்தப் பெரியவர் யார்? மார்மன் திருச்சபை கட்சிகளையோ வேட்பாளர்களையோ ஆதரிப்பதில்லை என்பது அதன் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. அதே ஆண்டுகளில் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஹாரி ரீடும் மார்மன், நெவாடாக்காரர், ஜனநாயகக் கட்சிக்காரர்!

தம்மவருக்கு வாக்களிப்பர் என்பது மட்டும் விளக்கமானால் 2016 மார்ச்சில் யூட்டாவில் நடந்தது புரியாது. அங்கே கட்சி வாக்காளரில் பெரும்பான்மையோர் மார்மன்கள். களத்திலோ மார்மன் வேட்பாளர் எவருமில்லை. பாப்டிஸ்டான டெட் குரூஸ் 69 விழுக்காடு பெற்று 40 பேராளர்களையும் அள்ளினார். டிரம்புக்கு 14 விழுக்காடு, மூன்றாம் இடம். ராம்னி குரூஸுக்கு வாக்களிப்பதாக அறிவித்திருந்தார். ராம்னி மார்மன்தானா என்று டிரம்ப் சால்ட் லேக் சிட்டிக் கூட்டத்திலேயே கேட்டு எரிச்சலூட்டியிருந்தார். ஆனால் வேர் இன்னும் ஆழத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். மார்மன்கள் வெளியேற்றப்பட வேண்டும், இல்லையேல் அழிக்கப்பட வேண்டும் என்று மிசூரி ஆளுநர் 1838இல் ஆணையிட்டார். அந்த ஆணை முறைப்படி நீக்கப்பட்டது 1976இல்தான். முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று 2015 டிசம்பரில் டிரம்ப் சொன்ன மறுநாளே, அவர் பெயரைக் குறிப்பிடாமல், சமயச் சுதந்திரம் குறித்து ஜோசப் ஸ்மித் கூறியதை நினைவூட்டித் திருச்சபை அறிக்கை வெளியிட்டது. ஸ்மித் 1844இல் ஒரு கும்பலின் கையில் கொல்லப்பட்டவர்.

இந்த விளக்கத்தை நானே சற்று ஐயத்தோடுதான் வைத்திருக்கிறேன். ஏனெனில் 2024 யூட்டா காக்கஸில் டிரம்ப் ஏறத்தாழ 56 விழுக்காடு பெற்று வென்றார். நிக்கி ஹேலிக்கு 43. எட்டே ஆண்டுகளில் அந்த நினைவு வலுவிழந்ததா, அல்லது அந்த நினைவுடையோர் காக்கஸுக்கு வருவதை நிறுத்திவிட்டனரா? இரண்டும் வெவ்வேறு ஆய்வுகளைக் கோருபவை. கழித்தல் கணக்கை அந்த மாணவருக்கு அனுப்பியிருக்கிறேன். நெவாடா வரியை நீக்கிவிட்டு யூட்டாவைத் தனி இயலாக எழுதப் போவதாக நேற்றிரவு பதில் வந்தது.