ஆன்லைன் வகுப்பு: வாசலிலேயே நின்றுவிடும் மாணவர்கள்

இரவு எட்டு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஒரு குறியீட்டைப் போடுகிறார். 'நாளை காலைக்குள் எல்லோரும் கிளாஸ்ரூமில் சேர்ந்துவிடுங்கள்.' காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் அந்தச் செய்தி பெரும்பாலும் அப்பாவின் போனுக்குத்தான் வரும். அப்பா தறியில் இருப்பார். இல்லையென்றால் வேலைக்குப் போய் இன்னும் வீடு திரும்பியிருக்கமாட்டார். போன் பிள்ளையின் கைக்கு வரும்போது மணி ஒன்பதரை. குறியீட்டை அடித்தால் வகுப்பு திறக்காது. "சார், உள்ளே போகமாட்டேங்குது" என்று பிள்ளை குழுவில் எழுதினால், அடுத்த நிமிடமே அதற்குக் கீழே வரிசையாக 'ஓகே சார்', 'ஓகே மிஸ்' வந்து விழுகின்றன. அந்த ஒரு வரி யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

மறுநாள் வகுப்பு நடக்கிறது. ஆசிரியரின் திரையில் சேர்ந்தவர்களின் பெயர்கள் தெரிகின்றன. சேர முடியாதவரின் பெயர் எங்கேயும் இல்லை. பிரச்சினையே இங்குதான் இருக்கிறது. செயலி உள்ளே வந்தவரைத்தான் காட்டும். வாசலில் நிற்பவரைக் காட்ட பள்ளியின் வருகைப் பதிவேடு ஒன்றுதான் உண்டு.

எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல், எந்தக் கணக்கு என்பது. ஒரே போனில் அப்பாவின் ஜிமெயில், அக்காவின் ஜிமெயில், பள்ளி கொடுத்த மின்னஞ்சல் என மூன்று இருக்கலாம். கூகுள் கிளாஸ்ரூமைத் திறந்தால், கடைசியாகப் பயன்படுத்திய கணக்கிலேயே திறக்கும். பள்ளியின் கணக்கில் உருவாக்கிய வகுப்புக்குள் தனிப்பட்ட ஜிமெயிலில் நுழைய முயன்றால், நிர்வாகி அனுமதித்திருந்தால் ஒழிய, குறியீடு சரியாக இருந்தாலும் வழிவிடாது. பிள்ளையோ தான்தான் தப்பாக அடிச்சிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வயது. இந்தியாவில் 13 வயது நிரம்பாதவர் தானாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது. பெற்றோரின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும். அல்லது பள்ளி கொடுக்க வேண்டும். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம்.

மூன்றாவது, பிரௌசிங் சென்டர். அவசரத்துக்கு அங்கே போனால் கடைக்காரரே மின்னஞ்சல் தொடங்கி, தன் எண்ணைப் போட்டு ஓடிபி வாங்கி, பாஸ்வேர்டையும் அவரே வைத்துத் தருவதுண்டு. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு எண் யாருடையது என்றே தெரியாது. கணக்கோடு பாடமும் வீட்டுப்பாடமும் போய்விடும். எந்தக் கடையில் தொடங்கினாலும் மீட்பு எண் வீட்டிலிருப்பவருடையதாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டைப் பிள்ளையே வைத்து, நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

சேர்வது எப்படி?

முறை எளிது. செயலியைத் திறந்ததும் வலது மேல்மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, சரியான கணக்குதானா என்று பாருங்கள். பிறகு கூட்டல் குறியைத் தொட்டு, 'வகுப்பில் சேர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, குறியீட்டை இடைவெளி இல்லாமல் அடியுங்கள். வாய்மொழியாகக் கேட்டு எழுதியதைவிட, ஆசிரியர் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது நல்லது. அப்படியும் திறக்காவிட்டால், மின்னஞ்சலுக்கு நேரடி அழைப்பு அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். அதில் குறியீடே தேவையில்லை.

நேரலை வகுப்புக்கான மீட் இணைப்பு வேறு, கிளாஸ்ரூம் சேர்க்கை வேறு. இணைப்பைத் தொட்டு வகுப்பைக் கேட்டதாலேயே கிளாஸ்ரூமில் சேர்ந்ததாக ஆகாது.

கல்லூரி மாணவர்களுக்கு

ஸ்வயம் தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. ஐஐடி-க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் படிப்புகளும் அதில் கிடைக்கின்றன. படிப்பில் சேரக் கட்டணம் இல்லை. ஆனால் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. என்பிடெல்லில் படிப்பில் சேர்வது ஒரு பதிவு. தேர்வுக்குக் கட்டணம் கட்டிப் பதிவது இன்னொன்று. இரண்டுக்கும் கடைசித் தேதி தனித்தனி. பன்னிரண்டு வாரம் பாடம் கேட்டு, அசைன்மென்ட் எல்லாம் போட்டுவிட்டு, தேர்வுப் பதிவை விட்டுவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. மொத்த மதிப்பெண்ணில் 25 அசைன்மென்டுக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் அந்த மதிப்பெண் கிரெடிட்டாகவும் சேரும் என்பதால் இழப்பு சிறிதல்ல.

பெயரிலும் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியல்தான். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். மதிப்பெண் பட்டியலில் இருக்கிறபடியே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். சேர்ந்த மின்னஞ்சலிலேயே தேர்வுக்கும் பதியுங்கள்.

யார் பொறுப்பு?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டில் பல பிள்ளைகளுக்குப் பாடத்தைக் கொண்டு சேர்த்தது அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. அதற்குக் குறியீடு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. டிவி இருந்தால் போதும். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்களே பிள்ளைகளின் தெருவுக்குப் போனார்கள். இரண்டிலும் பாடம் பிள்ளையைத் தேடிப் போனது. ஆன்லைன் வகுப்பில் பிள்ளைதான் பாடத்தைத் தேடி வர வேண்டும். அப்படியானால் வழிகாட்டும் வேலை கூடுகிறதே தவிர, குறையவில்லை.

எனவே சேர்க்கையை வீட்டு வேலையாக விடாமல் பள்ளி வேலையாக்க வேண்டும் என்பதே நம் கருத்து. வகுப்பு தொடங்கும் முன் ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்கலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கும் அரசுப் பள்ளிகளில் அங்கேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சேர்த்துவிடலாம். இல்லாத இடத்தில், போன் வீட்டில் இருக்கும் நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டு, அந்த நேரத்துக்கு அழைப்பு அனுப்பலாம். அழைப்பு அனுப்பியும் இன்னும் சேராதவர் பெயர் ஆசிரியரின் பட்டியலில் மங்கலாகத் தெரியும். அதையும் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடுபட்டவர் யார் என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் அழைப்பு போதும்.

"நான் குறியீடு அனுப்பிட்டேன், சேராதது அவங்க தப்பு" என்று சொல்வது சுலபம். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதும் உண்மைதான். இதற்கு நேரம் ஒதுக்கித் தரவேண்டியது நிர்வாகம். ஆனால் நேரடி வகுப்பில் ஒரு மாணவர் மூன்று நாள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று விசாரிப்பது நம் பள்ளிகளின் வழக்கம். அதே கேள்வியைத் திரைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்காகவும் கேட்க வேண்டும்.