ஒரே கூரை போதும். ஒரே தூண் போதாது

ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நடத்தும் ஒண்டுக்குடித்தனத்தைப் பற்றி, பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. கம்பெனிகளின் கம்ப்யூட்டர் அறைகளிலும் இன்று நடப்பது அதுவே. அதற்கு 'வர்ச்சுவலைசேஷன்' என்று பெயர்.

முன்பெல்லாம் சம்பளப் பட்டியலுக்கு ஒரு சர்வர், சரக்குக் கணக்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என வாங்கி வைத்தார்கள். அவை பெரும்பாலான நேரம் சும்மா இருந்தே மின்சாரத்தைத் தின்றன. இப்போது ஒரே சர்வரில் 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருள் வீட்டுக்காரரைப் போல இருந்து இடத்தையும் வேகத்தையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு பங்கும் தனிக் கம்ப்யூட்டராகவே இயங்குகிறது. ஒன்றில் மென்பொருள் முடங்கினாலும் மற்றது நிற்பதில்லை. ஐ.பி.எம். நிறுவனம் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக 1972-லேயே இதை விற்பனைக்கு அறிவித்தது. சாதாரண சர்வர்களில் இதைப் பரவச் செய்தது 1998-ல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம்.

இதனால் இயந்திரச் செலவும், மின்சாரமும், இடமும் மிச்சமாகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மிச்சம் முழுவதையும் லாபக் கணக்கில் எழுதிவிடுவது தவறு. வீடு இடிந்தால் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். அந்த ஒற்றைச் சர்வர் பழுதானால் சம்பளம், சரக்கு, வருகைப் பதிவு எல்லாம் ஒன்றாக நிற்கும். மாதக் கடைசியில் அப்படி நேர்ந்தால், ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் தொழிலாளியே முதலில் தவிப்பார்.

இதற்குப் பரிகாரம் இந்த முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பங்கும் சில கோப்புகளாகவே சேமிக்கப்படுவதால், நகல் எடுத்து வேறு சர்வரில் ஏற்றி இயக்கலாம். ஆகவே இரண்டாவது சர்வர் ஒன்றும், வேறிடத்தில் நகலும் கட்டாயம் வேண்டும்.

வீட்டுக்காரர் மாறினால் வாடகை விதிகளும் மாறும் என்பதையும் நிர்வாகங்கள் மறக்கலாகாது. 2023 நவம்பரில் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. 2007 முதல் லினக்ஸில் இடம்பெற்றுள்ள கே.வி.எம். போன்ற திறந்த மென்பொருளில் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பது, ஒரே வீட்டுக்காரரிடம் சிக்காதிருக்க உதவும்.

"நகல் எடுத்திருக்கிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் அத்துடன் திருப்தி அடைய வேண்டியதில்லை. "அதை ஏற்றிப் பார்த்தது எப்போது?" என்று கேட்கும் உரிமை, அந்தக் கணக்கை நம்பி வாழும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் உண்டு.