ஒரே பெயரோடு வாழ விடுங்கள்

எங்கள் பக்கத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பலருக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர்; சாதிச் சான்றிதழில் முருகன், ராஜேந்திரன் என்று இன்னொன்று. இதைப் பித்தலாட்டம் என்பவர்கள் உண்டு. கடலூரில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் ஒரே பெயரோடு வாழ்ந்தவன். அதன் விலை எனக்குத் தெரியும்.

என் பாட்டி சிதம்பரம் பக்கத்தில் நடவு நட்டுப் பிழைத்தவள். பண்ணையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோயிலில்தான் உபதேசியார் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். 'நீ கடவுளோட பிள்ளை' என்று அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். நம்பியதால்தான் என் அப்பாவை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். "சாமி முன்னால நிமிந்து நிக்கிறவ, ஆண்டை முன்னால ஏன்டா குனியணும்?" என்பாள்.

அந்த நிமிர்வு கிறிஸ்தவத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. மிஷன் பள்ளியில் படித்தும் மதம் மாறாத சுவாமி சகஜானந்தர், 1916இல் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, சேரிப் பிள்ளைகளைத் தலைநிமிர வைத்தார். அவர் நந்தனாரைப் பிடித்துக்கொண்டார். பாட்டி இயேசுவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பசி.

சட்டம் மட்டும் இவர்களைப் பிரித்துப் பார்க்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஏறக்குறைய இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். எங்களில் பலருக்கு இரண்டாவது பெயர் தேவைப்படுவது இதனால்தான். தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். என் பாட்டி யாருடைய வயலில் கூலி வேலை செய்தாளோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடும் நான் போட்டியிட வேண்டியிருந்தது. சிதம்பரம் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. சொந்த மதத்தை மறைக்காத தலித் கிறிஸ்தவர் அங்கே வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை.

'உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே' என்று கேட்கிறார்கள். வேதத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்குத்தளம் கேட்ட பிரச்சினை 2008 மார்ச்சில் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் போலீஸ், ஆனால் அதுவரை அந்தச் சாதிப் பிளவை வளரவிட்டது நம் திருச்சபை. ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் மட்டும் எதற்கு இரண்டு? ஆயர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் டெல்லியைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

டெல்லியும் பதில் சொல்லத்தான் வேண்டும். தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கு அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டியதில்லை. 341ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டம் இயற்றினாலே போதும்.

எனக்கு மதிப்பு கொடுக்கச் சொல்லி அரசாங்கத்திடம் நான் மனு போடவில்லை. அது பாட்டி காலத்திலேயே கிடைத்துவிட்டது. அதைத் தந்த விசுவாசத்தை வெளியே சொன்னதற்காக எங்கள் பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.