வெடிச் சத்தம் கேட்டு நாய் மிரண்டு ஓடுவது ஏன்? அடித்தால் பயம் தெளியுமா?

சென்னை:-

தீபாவளி முடிந்த மறுநாள் சென்னை தெருக்களில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரு நோட்டீசு தொங்கும். "எங்கள் வீட்டு நாயைக் காணோம்" என்று போட்டோவுடன் இருக்கும். சங்கிலியை அறுத்துக்கொண்டு, காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து ஓடிய நாய்கள் அவை.

தெரு நாய்களுக்கு நோட்டீசு ஒட்ட ஆள் ஏது? கார் அடியிலும், மாடிப்படி மறைவிலும், கடை ஷட்டர் ஓரத்திலும் ஒடுங்கிக் கிடக்கும். தினமும் வாலாட்டி பிஸ்கட் வாங்கித் தின்கிற நாய், அன்று கை நீட்டினால் கடித்து விடும். உடனே "வெறி பிடித்து விட்டது" என்று கல்லெறிவார்கள். பெரும்பாலும் அது வெறி அல்ல, பயம். (அதற்காகக் கடியை விட்டுவிடக் கூடாது. சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.)

காதுதான் காரணம்

மனிதன் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு சுமார் 45 ஆயிரம் வரை கேட்கும். நமக்குக் கேட்காத மெல்லிய சத்தமும் அதற்குக் கேட்கிறது. பட்டாசுக்கு சட்டம் வைத்திருக்கும் அளவு, வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல். திருவல்லிக்கேணி சந்துகளில் 4 மீட்டர் தள்ளி நிற்க இடம் எங்கே இருக்கிறது?

2018-ல் சுப்ரீம் கோர்ட்டு 2 மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. சரவெடிக்குத் தடை போட்டது. தமிழக அரசு அப்போதிருந்து காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கி வந்திருக்கிறது. ஆனால் கடிகாரம் பார்த்து திரி கொளுத்துகிறவர் எத்தனை பேர்? பசுமைப் பட்டாசும் புகையைக் குறைக்குமே தவிர, சத்தமே வராத பட்டாசு அல்ல.

தீபாவளியாவது தேதி தெரியும். சாவு ஊர்வல வெடி, கட்சிக்காரர் வரவேற்பு வெடி, ஐப்பசி இடி இதெல்லாம் சொல்லிக்கொண்டா வருகிறது?

இது நம் ஊர் சங்கதி மட்டும் அல்ல. பின்லாந்து நாட்டில் 13 ஆயிரத்து 700 வளர்ப்பு நாய்களைப் பற்றி விசாரித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 32 நாய்களுக்கு சத்த பயம்!

அடி உதவாது

"பக்கத்தில் கட்டிப்போட்டு நாலு வெடி வெடி, பழகிடும்" என்று யோசனை சொல்கிற பெரியவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. பழகாது. பயம்தான் இரட்டிப்பாகும். நடுங்குகிற நாயை அடித்தால், சத்தத்தோடு எஜமானையும் சேர்த்துப் பயப்படும். "தடவிக் கொடுத்தால் செல்லம் ஏறிப் பயம் அதிகமாகும்" என்பதும் தப்பு. மடியில் வந்து விழுந்தால் தாராளமாகத் தடவலாம். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள், இருக்கட்டும்.

விடிவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்து விடுங்கள். வெடி ஆரம்பித்ததும் உள் அறை, ஜன்னல் சாத்தல், மின்விசிறி, கொஞ்சம் சத்தமாக டி.வி. ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலே பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள். இந்தச் சின்ன வித்தை நல்ல பலன் தந்ததாக நாய் வளர்ப்போர் பலர் சொன்னதை சுவிட்சர்லாந்து பெர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் பதிவு செய்தது.

நிரந்தர வைத்தியம் வேண்டும் என்றால் ஆடி மாசமே தொடங்கணும். வெடிச் சத்தத்தை போனில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் மெதுவாகப் போட்டு, கூடவே தீனி கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நாய் காதை மடக்கினால், நாக்கால் மூக்கை நக்கினால், சும்மா சும்மா கொட்டாவி விட்டால், அவசரப்பட்டு விட்டீர்கள் என்று அர்த்தம். சத்தத்தைக் குறையுங்கள்.

மாத்திரை கேட்கிறவர்கள் கவனிக்க! மனிதர் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. பழைய காலத்து மயக்க மருந்து சிலது உடம்பை மட்டும் சாய்த்து விடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். சத்த பயத்துக்கென்றே ஈறில் தடவும் ஒரு மருந்துக்கு அமெரிக்க அரசு 2015-ல் அனுமதி கொடுத்தது. நம் நாய்க்கு எது, எவ்வளவு என்பதை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியிலோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ பண்டிகைக்கு முந்தியே கேட்டு விட வேண்டும்.

தெரு நாய் பாடு

சென்னையில் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெரு நாய்கள். பிடித்துப்போய் கருத்தடை செய்தால், பிடித்த தெருவிலேயே விட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு விதி. சொந்தத் தெருவில் சாதுவாக இருக்கும் நாய், மிரண்டு அடுத்த தெருவுக்கு ஓடினால் அங்குள்ள நாய்கள் சூழ்ந்து கடிக்கும். நடுவில் மாட்டுவது ஸ்கூட்டரில் வருகிறவர். ஆகவே கடைக்காரர்கள் அந்த ஒரு ராத்திரி படிக்கட்டு அடியில் ஒண்டிய நாயை விரட்டாமல் இருந்தால், அவர்கள் வாடிக்கையாளருக்கே நல்லது. கார் எடுப்பவர்கள் குனிந்து அடியில் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

வாலில் சரம் கட்டிக் கொளுத்தும் விடலைகளும் இருக்கிறார்கள். 1960-ம் ஆண்டு மிருகவதைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! ஒரு நல்ல மத்தாப்பு பாக்கெட் கூட அந்தக் காசுக்கு வராது. ஆனால் நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ புதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயப் பக்கம், பறவைகள் மிரளும் என்று கிராமத்தாரே வெடியை விட்டு வருகிறார்கள். பட்டணத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

நாய் ஓடியே போய்விட்டால்? கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வெடி அடங்கிய பிறகு, விடியற்காலையில் பக்கத்துத் தெருக்களில் தேடுங்கள். கண்டதும் துரத்தாதீர்கள். உட்கார்ந்து, பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள்.